வெள்ளிக்கிழமை மந்திரி

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கும் பேரின்பநாதனுக்கு அறுபத்திரண்டு வயது. மொன்றியல் நகரின் சபனெல் தெருத் தையல் தொழிற்சாலைகளில் பதினைந்து வருடம் துணி வெட்டினார். அவை ஒவ்வொன்றாக மூடப்பட்டபின், கார்ட்டியர்வில்லில் ஒரு பள்ளிவாசலுக்குப் பராமரிப்பாளராகப் போனார். அதற்கும் பதினேழு வருடமாகிவிட்டது. நெற்றியில் திருநீற்றோடுதான் வேலைக்குப் போவார். பின்னேரம் டொலார்ட் முருகன் கோயிலுக்குப் போனால், "வாங்கோ மந்திரியார்" என்று அங்கே நக்கலடிப்பார்கள்.

பள்ளிவாசலில் ஒரு சைவக்காரனுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வெள்ளிக்கிழமை நடுப்பகலில் ஊர் முழுக்க உள்ளே தொழுதுகொண்டிருக்கும்போது, வெளியே நிற்க ஒருவன் வேண்டாமா?

அதுவும் குளிர்காலத்தில். மொன்றியலில் பனி அள்ளும் நாளில், கார் விடக்கூடாது என்று தெருவோரம் செம்மஞ்சள் பலகை குத்துவார்கள். பிறகு இழுவை வண்டி சங்கு ஊதிக்கொண்டு வரும். சங்கு கேட்டும் எடுக்காத காரைக் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு போய், எங்காவது வேறு தெருவில் விட்டுவிடும். தொழுகையில் நிற்பவர்களுக்குச் சங்கு கேட்கும். ஆனால் தொழுகையை முறித்துக்கொண்டு ஓட முடியாது. அதனால் பேரின்பநாதன் வாசலில் ஒரு பலகை அடித்து, கொக்கிகள் வைத்தார். தெருவில் கார் விடுகிறவர்கள் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கார்த் திறப்பை அதில் மாட்டிவிட்டு உள்ளே போவார்கள். சங்கு கேட்டால் இவர் ஒவ்வொரு காராக எடுத்துப் பின்தெருவில் விடுவார். எந்தத் திறப்பு எந்தக் காருடையது என்று ஒருநாளும் பிழைத்ததில்லை.

மந்திரிப் பட்டம் கொடுத்தவர் பள்ளிவாசல் தலைவர் சையத் முனவ்வர். திருவல்லிக்கேணியில் பிறந்து ஹைதராபாத்தில் படித்த ஓய்வுபெற்ற பொறியியலாளர். சென்னைத் தமிழ் பேசுவார். "கோல்கொண்டாவோட கடைசி சுல்தானுக்கு மாதண்ணா, அக்கண்ணான்னு ரெண்டு பிராமண அண்ணன் தம்பி மந்திரிங்க. ராஜ்யத்தையே அவங்க கையில குடுத்துட்டு சுல்தான் நிம்மதியா இருந்தார். நீங்க நம்ம மாதண்ணா," என்பார். பேரின்பநாதனுக்கு உச்சி குளிர்ந்துவிடும். மனைவி சிவமலரிடம் வந்து சொல்லி, அவர் சிரித்தாலும் விடமாட்டார்.

போன மார்கழியில், தலைவர் நீங்கலாக நிர்வாகக் குழு மாறியது. யூனுஸ் என்ற கெட்டிக்காரப் பிள்ளை செயலாளராக வந்தார். கெட்ட மனிதர் இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரு ஒழுங்கு வேண்டும் என்பவர், அவ்வளவுதான். பிறர் காரை இவர் ஓட்டினால் காப்புறுதிச் சிக்கல், அதோடு பள்ளிவாசல் வாசலில் தங்கள் ஆள் நிற்பதுதான் அழகு என்று கூட்டத்தில் சொன்னார். வெள்ளிக்கிழமைகளில் முறை வைத்து ஒவ்வொருவராக வெளியே நிற்பது, தை மாதத்தோடு பேரின்பநாதனை நிறுத்துவது என்று முடிவாயிற்று. எதிர்த்துக் கை தூக்க ஆளில்லை. முனவ்வர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். நன்றி சொல்லி மரியாதையாக ஒரு கடிதம் வந்தது.

சம்பளம் போனதைப் பேரின்பநாதன் பெரிதாகச் சொல்லவில்லை. முனவ்வர் வாய் திறக்காததுதான் அவரைத் தின்றது. அந்த மனிதர் தனக்கு யார் என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. தொலைபேசி எடுக்கவும் மனம் வரவில்லை.

ஒருநாள் மகள் ஆர்த்திகாவிடம் மாதண்ணாவின் கதையைத் தேடித் தரச் சொன்னார். மகள் பல்கலைக்கழக நூலகத்திலிருந்து புத்தகம் கொண்டுவந்து வாசித்துக் காட்டினாள். மொகலாயப் படை நெருக்கிய நேரத்தில், அரண்மனையிலிருந்து வீடு திரும்பும் வழியில் அண்ணனையும் தம்பியையும் சொந்த அரசவை ஆட்களே தெருவில் வைத்துக் கொன்றுவிட்டார்கள். சுல்தானால் காப்பாற்ற முடியவில்லை.

"பதினேழு வருசமாக் கதை சொன்னவர், உந்த முடிவை மட்டும் ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று என்னிடம் கேட்டார்.

மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிவாசலின் திறப்பையும் தெருவில் நிற்கையில் போடும் ஒளிரும் மேலங்கியையும் ஒப்படைக்கப் போனார். தெருவில் செம்மஞ்சள் பலகைகள். உள்ளே பிரசங்கம் தொடங்கிவிட்டது. வாசலில் ஆளில்லை. அன்றைய முறைக்காரர், ஜும்மாத் தொழுகையை விட மனமில்லாமல் தானும் உள்ளே போயிருந்தார். ஆனால் வாசலின் கொக்கிப் பலகையில் எட்டுத் திறப்புகள் தொங்கின. பழக்கதோஷத்தில் எல்லோரும் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

அப்போது சங்கு கேட்டது.

பேரின்பநாதன் முதலில் யூனுஸின் காரை எடுத்தார். "அதை விட்டிருந்தா வேணுமெண்டு செய்தவன் எண்டு சொல்லியிருப்பினம்," என்று எனக்கு விளக்கம் தந்தார். பனியில் சறுக்கிச் சறுக்கி ஓடி, அந்த வயதில் ஏழு காரைப் பின்தெருவுக்குக் கொண்டுபோய்விட்டார். எட்டாவது முனவ்வரின் பழைய கொரோலா. அதன் திறப்பு கையில் இருந்தது. இழுவை வண்டி இன்னும் இரண்டு கார் தள்ளித்தான் நின்றது, நேரம் இருந்தது. இவர் எடுக்கவில்லை. வண்டிக்காரன் வந்து, உன்னுடையதா என்று பிரெஞ்சில் கேட்டான். "நோன், மெஸ்யூ," என்று மறுத்தார். கொரோலா முன்சக்கரம் தூக்கியபடி போயிற்று.

தொழுகை முடிந்து எல்லோரும் வெளியே வந்தார்கள்.

"என் வண்டி எங்க, மாதண்ணா?" என்றார் முனவ்வர்.

"இழுத்துக்கொண்டு போட்டாங்கள், அண்ணை."

"எடுக்க நேரம் இல்லியா?"

"இருந்தது. அண்டைக்குக் கூட்டத்திலை நீங்கள் பேசாமல் இருந்தனியள். இண்டைக்கு நான் பேசாமல் நிண்டனான்." திறப்பை அவர் கையில் வைத்தார்.

நாற்பது பேர் சப்பாத்துப் போட்டது பாதி, போடாதது பாதியாக நின்றார்கள். முனவ்வருக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் கை தூக்கியிருக்கணும். பயந்துட்டேன்," என்றார். பிறகு யூனுஸ் பக்கம் திரும்பினார். "இவர் இங்க இல்லேன்னா, நானும் இல்ல. எழுதிக்கோங்க."

யூனுஸ் பின்தெருவில் பத்திரமாக நின்ற தன் காரை நினைத்தாரோ என்னவோ, கைத்தொலைபேசியை எடுத்து எழுதிக்கொண்டார்.

பேரின்பநாதன் கொண்டுவந்த மேலங்கியை ஒப்படைக்காமல் தானே போட்டுக்கொண்டார். "வாங்கோ அண்ணை, காரைத் தேடுவம்," என்று முனவ்வரைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். நாலு தெரு தள்ளிக் கிடைத்ததாம்.

இப்போது காப்புறுதிக்கென்று யூனுஸ் ஒரு படிவம் வைத்திருக்கிறார். எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்கள். முனவ்வரின் திறப்பு பலகையின் முதல் கொக்கியில் தொங்குகிறது.

"இனிச் சங்கு கேட்டால் அதை எப்ப எடுப்பியள்?" என்று கேட்டேன்.

"எங்கடை ஆளின்ரை கார் கடைசியாத்தான்," என்றார் பேரின்பநாதன். "அது அவருக்கும் தெரியும்."