நாடகத்துக்குக் கட்டிவிட்ட புடவை

பாரிவாக்கத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். குழந்தைகள் உரிமை பற்றி மக்களிடம் விழிப்புணர்வு ஏற்படுத்தச் சொல்லிச் சுற்றறிக்கை வந்ததும் மற்ற ஆசிரியர்கள் நைசாக நழுவிவிட்டார்கள். நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி கையைத் தூக்கினேன். குழந்தைத் திருமணத்தைத் தடுப்பது பற்றி ஒரு தெரு நாடகம் எழுதினேன். கல்யாணப் பெண்ணாக நடிக்க, ஒன்பதாம் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்காரும் மாணவியைத் தேர்ந்தெடுத்தேன். கணக்கில் கெட்டிக்காரி. குரலும் கணீரென்று இருக்கும்.

ஒத்திகையில் அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "தலையைக் குனிம்மா, அப்பதான் கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கும்" என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். குனிந்த வேகத்தில் நிமிர்ந்துவிடுவாள்.

நாடகத்தன்று என் அரக்குப் பட்டுப்புடவையை நானே கட்டிவிட்டேன். தலை நிறையப் பூ, காதில் என் ஜிமிக்கி. பூந்தமல்லியில் மெட்ரோ வேலைக்குத் தடுப்பு வைத்திருந்த இடத்தின் ஓரமாக நல்ல கூட்டம் சேர்ந்தது. "எனக்குக் கல்யாணம் வேணாம், நான் படிக்கணும்" என்று அவள் கத்தியபோது கைதட்டல் அடங்கவே நேரமானது. அவளுடைய அம்மாவும் கூட்டத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவள் பள்ளிக்கு வருவது நின்றுபோனது. வீட்டுக்குப் போனேன். அவள் உள்ளேதான் இருந்தாள், வெளியே வரவில்லை. அம்மாதான் பேசினார்.

"நாடகத்துல பாத்துட்டுதான் பொண்ணு கேட்டு வந்தாங்க டீச்சர். பையன் லேத்துப் பட்டறைல கீறான், குடியெல்லாம் கெடையாது. பட்டுப் பொடவைல பொண்ணு அவ்ளோ லட்சணமா இருந்துச்சுன்னு பையனோட அம்மா சொல்லிச்சு. பொட்டப் புள்ளைய ஊட்ல வச்சுகினு நான் இன்னா பண்றது?"

"அவ அங்க பேசினதை நீங்க கேக்கலையா?"

"கேட்டேனே. அது நாடகம் டீச்சர்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதி என்மேலேயே. தெருமுனைக்கு வந்ததும் குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழைத்தேன். அதிகாரிகள் வந்து, பதினெட்டு வயதாகும்வரை திருமணம் செய்துவைக்க மாட்டோம் என்று பெற்றோரிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். அவள் மறுபடி வகுப்புக்கு வந்தாள். ஆண்டுத் தேர்வும் எழுதினாள். இனி பயமில்லை என்று நான் இருந்துவிட்டேன்.

கோடை விடுமுறையில் சொந்தக்காரர்கள் ஊருக்கு அழைத்துப் போய்க் கல்யாணத்தை முடித்துவிட்டார்கள். பள்ளி திறந்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அன்றே புகார் கொடுத்தேன். விசாரித்துக்கொண்டிருக்கிறார்களாம். அவளைத் திரும்ப வகுப்பில் பார்ப்பேன் என்ற நம்பிக்கை எனக்குப் போய்விட்டது.

அவளுடைய தோழி ஒருத்தி கைப்பேசியில் கல்யாணப் படத்தைக் காட்டினாள். அதில் இவள் மாலையும் கழுத்துமாக நின்றிருந்தாள். ஒத்திகையில் ஒருநாளும் நான் கேட்டபடி குனியாதவள், படத்தில் தலையை நன்றாகக் குனிந்திருந்தாள்.