நாலு மில்லி

பட்டறையில் அவளை எல்லோரும் மில்லியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த ஃபிட்டருக்கும் அவள் அக்காதான். ஜன்னல் செய்கிற பட்டறை அது. கட்டிடம் கட்டிடமாக ஏறி, ஜன்னலுக்கென்று சுவரில் விட்ட இடத்தை அளந்து வருவது அவள் வேலை. இருபத்திரண்டு வருஷமாக ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் அதைச் செய்கிறாள்.

டேப்பை இழுத்தால் நம்பர் தெரியப்போகிறது, இதில் என்ன பெரிய வித்தை என்று நினைக்கிறவர்கள் அவளோடு ஒரு நாள் போய்ப் பார்க்க வேண்டும். குறுக்கே மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் இழுப்பாள். நெடுக்கேயும் அப்படியே மூன்று. அப்புறம் மூலைக்கு மூலை இரண்டு. குறுக்கில் எது சின்னதோ, நெடுக்கில் எது சின்னதோ அதைத்தான் எழுதிக்கொள்வாள். ஒரு கொத்தனார், சுவர்தான் நூல் பிடித்த மாதிரி இருக்கிறதே, எதற்கு இத்தனை தடவை என்று வாயைக் கொடுத்தார். நூல் நேராகத்தான் இருந்திருக்கும், பிடித்த கை எப்படியோ என்றாள். அதற்குப் பிறகு அவள் வருகிற நாளில் அந்த மனுஷர் டீ குடிக்கப் போய்விடுவார்.

வீட்டுக்காரர்களையும் விடமாட்டாள். ஜன்னலைக் காட்டி அந்தக் கட்டை, இந்தக் கம்பி என்று யாராவது சொன்னால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். சுவரோடு நிற்பது சட்டம், திறந்து மூடுவது கதவு, இரண்டு கண்ணாடிக்கு நடுவில் நிற்பது நடுக்கால், கண்ணாடி உட்காருவது பள்ளம், உட்கார்ந்தது விழாமல் பிடிப்பது பீடிங். ஐந்து பெயரையும் அவர்கள் வாயால் சொல்ல வைத்துவிட்டுத்தான் டேப்பைச் சுருட்டுவாள். பெயர் தெரியாத சாமானை நாளைக்கு ரிப்பேர் என்று எப்படிப் போனில் சொல்வீர்கள் என்று கேட்பாள். நியாயமான கேள்விதானே.

இந்த ஐந்தும் போக, கண்ணுக்குத் தெரியாமல் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் கேப். பள்ளம் எவ்வளவோ அவ்வளவுக்கே கண்ணாடியை வெட்டினால் வந்தது வினை. வெயில் ஏறினால் கண்ணாடி விரியும், விரிய இடமில்லாவிட்டால் உடையும். அதனால் சுற்றிலும் மூன்று மில்லி விட வேண்டும். இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று, ஆக ஆறு. அவள் நோட்டில் இடப்பக்கம் பள்ளத்தின் அளவு இருக்கும், வலப்பக்கம் ஆறு கழித்து வெட்ட வேண்டிய அளவு இருக்கும். வலப்பக்கத்தைச் சீட்டில் எழுதி, கண்ணாடி வெட்டுகிற கட்டரிடம் கொடுப்பாள்.

கட்டர் வேறு யாருமில்லை, அவள் வீட்டுக்காரர்தான்.

அந்தக் கதையும் அளவில் தொடங்கியதுதான். அப்போது அவள் ஆபீசில் பில் எழுதிக்கொண்டிருந்தாள். வருகிற அளவெல்லாம் தப்பு என்று கட்டர் தினமும் ஆபீசுக்கு வந்து கத்துவார். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய், ஒரு நாள் டேப்பை எடுத்துக்கொண்டு அவளே கிளம்பிவிட்டாள். மூன்று மாதம் அவள் கொண்டுவந்த அளவில் அவரால் ஒரு குற்றமும் சொல்ல முடியவில்லை. நான்காவது மாதம், சண்டை போட வழியில்லாத ஏக்கமோ என்னவோ, என்னைக் கட்டிக்கிறீங்களா என்று கேட்டார். அளவு எடுத்துப் பார்த்துட்டுச் சொல்றேன் என்றாள். அதற்கு அவள் இரண்டு நாள்தான் எடுத்துக்கொண்டாள்.

வெட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கண்ணாடி மேல் கோடு இழுக்கிற கருவியின் சின்னச் சக்கரம், பக்கத்தில் வைக்கும் ஸ்கேலை ஒட்டி ஓடாது, கொஞ்சம் தள்ளித்தான் ஓடும். அந்தக் கொஞ்சத்தைக் கணக்குப் பண்ணி, குறி போட்ட இடத்துக்கு அந்த அளவு முன்னாலேயே ஸ்கேலை வைக்க வேண்டும். மற்றவர்கள் அதற்கு ஒரு துண்டுத் தகடு வைத்துப் பார்ப்பார்கள். அவர் கண்ணாலேயே பார்த்து வைப்பார்.

போன வருஷம் அந்தக் கண்ணில்தான் கோளாறு வந்தது. புகை படிந்த மாதிரி எல்லாம் மங்கலாகத் தெரிய ஆரம்பித்தது. வெளிச்சம் பத்தவில்லை என்று பல்பை மாற்றினார். மேஜையை வாசல் பக்கம் நகர்த்தினார். ஸ்கேலுக்கும் குறிக்கும் நடுவில் விட்ட இடம் அவருக்குக் குறைவாகத் தெரிந்ததால் தாராளமாக விட்டார். கண்ணாடி நாலு மில்லி சின்னதாக வந்தது. ஒரே வாரத்தில் இரண்டு தடவை. பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. குறைவாக வெட்டினால் முதலாளி பலகையில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். மூன்று கோடு விழுந்தால் மேஜையை விட்டுப் பேக்கிங்குக்குப் போக வேண்டும். யாராக இருந்தாலும் சரி.

டாக்டரிடம் போகலாம் என்று அவள் சொல்லாமல் இல்லை. கண்ணில் கத்தி வைப்பார்கள் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். நாள் முழுக்கக் கண்ணாடியைக் கீறுகிற மனுஷர், அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார். மூன்றாவது கண்ணாடியும் குறைவாக வந்ததை நல்லவேளையாக அவள்தான் முதலில் பார்த்தாள். சீட்டில் நான்தான் மாற்றி எழுதிவிட்டேன் என்று முதலாளியிடம் சொன்னாள். மறுநாளிலிருந்து ஆறுக்குப் பதில் இரண்டு மட்டும் கழித்து எழுத ஆரம்பித்தாள். அவள் நாலு கூட்டினாள், அவர் நாலு குறைத்தார், கண்ணாடி கன கச்சிதமாக உட்கார்ந்தது. பலகையில் இரண்டு கோட்டோடு நின்றுபோனது. நம்ம வீட்டு ரகசியம் நம்மோடு இருக்கட்டும் என்று இருந்துவிட்டாள். அந்த ரகசியம் அவருக்கே தெரியாது.

பதினோரு மாதம் இப்படியே ஓடியது.

அப்புறம் பிரசவ ஆஸ்பத்திரி வேலை வந்தது. புது வார்டுக்கு ஆறு பெரிய ஜன்னல். டஃபன் கண்ணாடி, அதாவது வெட்டி, ஓரம் தேய்த்து, சூளையில் சுட்டு உறுதியாக்குவது. சுட்ட பிறகு ஒரு மயிரிழைகூடச் செதுக்க முடியாது, தொட்டால் பொலபொலவென்று கொட்டிவிடும். அவள் ஆறுக்கும் சீட்டு எழுதி மேஜையில் வைத்துவிட்டு வந்தாள். மறுநாள் காலையில் வீட்டுக்காரருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. நான்கு நாள் அவள் லீவு போட்டுத் தைலம் தேய்த்தாள், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள், அவர் ஐயோ அம்மா என்றபோதெல்லாம் திட்டினாள். அந்தச் சீட்டு அவளுக்கு ஞாபகமே வரவில்லை. அவருக்குப் பதிலாக, பட்டறையில் முகம் பார்க்கும் கண்ணாடி வெட்டுகிறவர் தகட்டை வைத்து, எழுதியிருந்தபடி மில்லி பிசகாமல் ஆறையும் வெட்டிச் சூளைக்கு அனுப்பிவிட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஃபிட்டர் போன் பண்ணினார். கண்ணாடி உள்ளே போகிறது, ஆனால் அடியில் ரப்பர் வைக்கக்கூட இடமில்லை, திணித்தால் கோடையில் உடையும், பிறந்த குழந்தைகள் இருக்கிற இடத்தில் நான் மாட்டமாட்டேன் என்றார். நல்ல மனுஷர். வார்டு திறப்பது பத்து நாள் தள்ளிப்போனது.

முதலாளி அவளைக் கூப்பிட்டு சீட்டைக் காட்டினார். வாய் திறந்தால் வீட்டுக்காரரின் கண் கோளாறு வெளியே வரும், அவர் மேஜை போகும். என் தப்புதான் என்றாள். எப்படி ஆறும் ஒரே மாதிரி நாலு மில்லி கூடும் என்று முதலாளி கேட்டார். புத்தி பேதலித்துவிட்டது என்றாள். முதலாளிக்கும் மனசில்லைதான், ஆனாலும் டேப்பை வைத்துவிட்டு நாளையிலிருந்து ஆபீசில் உட்காருங்கம்மா என்றார்.

வீட்டுக்கு வந்து பாத்திரத்தைத் தேய்த்தாள். அவர் கட்டிலில் இருந்தபடியே டேப் எங்கே என்றார். இடுப்பில் டேப் இல்லாமல் அவள் வீட்டுக்கு வந்ததே கிடையாது. கடைசியில் சொன்னாள், அளவில் நாலு மில்லி தப்பிவிட்டது என்று. நீயா என்றார். அதை அவர் நம்பவே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய் அவள் பையிலிருந்த நோட்டை எடுத்தார். ஜன்னலோரம் நின்று, மூக்கில் இடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு, இடப்பக்கம் ஒரு தடவை, வலப்பக்கம் ஒரு தடவை என்று ஒவ்வொரு பக்கமாகப் பின்னால் போனார். எல்லாவற்றிலும் இரண்டுதான் கழிந்திருந்தது. பதினோரு மாதம் தள்ளி, ஆறு கழித்திருந்த பக்கம் வந்ததும் நின்றுவிட்டார். மேலே தேதி இருந்தது. இரண்டு கோடு விழுந்த வாரம்.

அவர் கத்துவார் என்று அவள் காத்திருந்தாள். கத்தியிருந்தால் தேவலை.

"என் வெட்டு எல்லாம் சரியா வந்துச்சு," என்றார். "அதனால கண்ணு தானா சரியாயிடுச்சுன்னு இருந்துட்டேன்."

அவருடைய மேஜையைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அந்தக் கண்ணில் பதினோரு மாதம் புகை ஏறிக்கொண்டே இருந்ததை அவள் யோசிக்கவே இல்லை. எதையும் எட்டுத் தடவை அளக்கிறவள், இதை ஒரு தடவைகூட அளக்கவில்லை.

மறுநாள் இடுப்பில் பட்டையைக் கட்டிக்கொண்டு அவரே முதலாளி முன்னால் போய் நின்றார். அவள் பின்னாலேயே ஓடினாள், சொல்ல வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினாள். அது அவருக்கு எங்கே தெரியப்போகிறது.

"தப்பு அவ அளவுல இல்ல சார். என் கண்ணுல. மூணாவது கோடும் எனக்குத்தான் விழணும்."

முதலாளி நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து டேப்பை எடுத்து அவளிடம் கொடுத்தார். சாக்பீஸை எடுத்து மூன்றாவது கோட்டையும் போட்டார். கண்ணைக் காட்டிவிட்டு வாருங்கள், அதுவரைக்கும் பேக்கிங் என்றார்.

டாக்டர் நன்றாகத் திட்டினார். ஒரு கண்ணில் புரை ரொம்பவே முற்றிவிட்டது, இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் சிக்கல், இப்போதும் முழுசாகத் திரும்புமா என்று கட்டுப் பிரித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார். ஆபரேஷன் நடந்த அரை மணி நேரமும் அவள் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தாள். என் நாலு மில்லியால் இவருக்குப் பார்வை போனால் என்ன செய்வேன் என்று ஒரே நினைப்பு.

மறுநாள் காலையில் கட்டைப் பிரித்தார்கள். அவர் கண்ணைக் கொட்டிக் கொட்டி விழித்தார். முதலில் பார்த்தது எதிரே இருந்த ஜன்னலைத்தான். வலப்பக்க மூலையில் பீடிங் சரியாகச் சேரவில்லை, எந்தப் பட்டறைக்காரன் மாட்டியது என்றார். அவளுக்கு உயிரே வந்தது. சிரிக்கவும் செய்தாள், புடவையால் மூக்கைத் துடைக்கவும் செய்தாள்.

சத்தம் கேட்டு அவர் இந்தப் பக்கம் திரும்பினார். அப்படியே அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"உனக்கு எப்ப இவ்வளவு நரைச்சுது?" என்றார்.

அவள் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி உட்கார்ந்தாள்.

"நல்லாப் பாத்துக்கோங்க," என்றாள்.