களத்தில் போட்ட டாக்ஸிவே

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம். சென்னையில் விமானம் ஓட்டப் படித்துக்கொண்டிருந்த நான், விடுப்பில் கச்சிராயபாளையம் வந்திருந்தேன். வந்த மறுநாளே சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டுவிட்டார்கள். பஸ் ஓடவில்லை.

திரும்பிப் போனதும் எனக்குத் தேர்வு. வானத்தில் பயமில்லை, தரையில்தான் குழம்புவேன். ரன்வேக்குப் போகும் பாதைகளான டாக்ஸிவேயில், ஓரத்துப் பலகைகளைப் பார்த்துத்தான் திரும்ப வேண்டும். ஒருமுறை தப்பான பாதையில் திருப்பி, பயிற்சியாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன்.

நான் புத்தகத்தோடு முழிப்பதைப் பார்த்து அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். பலகைகளின் அர்த்தத்தை ஒவ்வொன்றாகக் கேட்டாள். கறுப்பில் மஞ்சள் எழுத்து, நாம் இருக்கும் பாதை. மஞ்சளில் கறுப்பு எழுத்தும் அம்பும், அடுத்துத் திரும்பும் பாதை. சிவப்பில் வெள்ளை எழுத்து இருந்தால் அதற்கப்பால் ரன்வே, அனுமதியில்லாமல் தாண்டக் கூடாது.

"படிச்சா வராதுடா. நடந்து பாரு" என்றாள்.

நெல்லடிக்கும் களம் காலியாகக் கிடந்தது. சுண்ணாம்புத் தூளால் பாதைகள் போட்டோம். அட்டைப்பெட்டியைக் கிழித்து, மாட்டுக் கொம்புக்குப் பூசி மீந்த பெயிண்டில் பலகைகள் எழுதினோம். களத்தை ஒட்டிய வண்டிப்பாதை ரன்வே ஆனது. அக்கா மோட்டார் கொட்டகை மேல் ஏறி உட்கார்ந்தாள். அவள்தான் அனுமதி தரும் கண்ட்ரோல் டவர். அவள் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்ன பிறகுதான் நான் காலெடுத்து வைக்கலாம். ஒரு சொல் விட்டாலும் முதலிலிருந்து வர வேண்டும். சுண்ணாம்பு வீணாகிறதென்று திட்டிய அம்மாவே பிறகு முறத்தோடு வந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். பிற்பாடு எத்தனையோ விமான நிலையங்களில் ஓட்டிவிட்டேன். அவ்வளவு சந்தோஷமாக எங்கும் ஓட்டியதில்லை.

ஒரு மத்தியானம் சிவப்புப் பலகை முன் நின்றிருந்தேன். அக்கா இன்னும் அனுமதி தரவில்லை. கால் சுட்டது. இரண்டு பக்கமும் பார்த்தேன், யாருமில்லை. தாண்டினேன். கரும்பு மறைத்த வளைவிலிருந்து பக்கத்துக் கொல்லைக்காரரின் டிராக்டர் திரும்பி, எனக்கு வெகு அருகில் வந்து நின்றது. அவர் கன்னாபின்னாவென்று திட்டிவிட்டுப் போனார்.

அக்கா இறங்கி வந்தாள்.

"நான் இன்னும் சொல்லல இல்ல? இன்னாத்துக்குத் தாண்டின?"

ஒன்றும் வரவில்லையே என்றேன்.

"அங்கேர்ந்து உனுக்கு வளைவு தெரியாதுடா. நான் மேல பாத்துக்கினுதான இருக்கேன்."

மறுபடி பஸ் விட்டதும் அக்கா ஸ்டாண்டு வரை கூட வந்தாள். டவரில் பெண்களும் வேலை செய்கிறார்களா என்று வழியில் கேட்டாள். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

தேர்வில் தேறி, ஊருக்கு வந்து, டவரில் பெண்களும் இருக்கிறார்கள் என்று நான் சொன்னபோது அக்காவுக்கு மூங்கில்துறைப்பட்டு மாப்பிள்ளை வீட்டாரோடு தாம்பூலம் மாற்றியிருந்தார்கள்.

"இருக்காங்களா?" என்று இன்னொரு முறை கேட்டாள். பிறகு காய் நறுக்கப் போய்விட்டாள்.