மூச்சு இருபது

நோயாளியின் மூச்சை அவருக்குத் தெரியாமல்தான் எண்ண வேண்டும். எண்ணுகிறோம் என்று தெரிந்துவிட்டால் மூச்சு மாறிவிடும். அதனால் நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மட்டும் மார்பின் ஏற்ற இறக்கத்தில் வைத்து, கடிகாரத்தில் முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். நர்சிங் பள்ளியில் முதல் வருடம் சொல்லிக்கொடுத்தார்கள். நோட்டில் அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, யாரும் எண்ணுவதில்லை. காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது, பிரஷருக்கும் நாடிக்கும் மெஷின் இருக்கிறது. மூச்சுக்கு மட்டும் ஒரு மனுஷியின் முழு நிமிடம் வேண்டும். இருபத்துநான்கு கட்டிலுக்கு இருபத்துநான்கு நிமிடம். அது எங்களிடம் இருந்ததில்லை. ஆகவே சார்ட்டின் மூச்சுப் பத்தியில் எல்லோருக்கும் இருபது, யாரும் சந்தேகப்படாத எண். ஆள் நன்றாக இருந்தாலும் இருபது, இழுத்துக்கொண்டு கிடந்தாலும் இருபது. வேலை நெருக்கும் நாட்களில் இன்னொன்றும் செய்வோம். அளவெடுக்கக் கிளம்பும் முன்பே மேசையில் உட்கார்ந்து, எல்லா சார்ட்டிலும் மூச்சுப் பத்தியை மட்டும் வரிசையாக நிரப்பி வைத்துவிடுவோம். மற்றப் பத்திகளைக் கட்டிலுக்குப் போய் நிரப்பலாம்.

கொரோனா ஓய்ந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. கோவில்பட்டியில் ஒரு தனியார் மருத்துவமனையின் மாடியில், பெண்கள் வார்டில் இருந்தேன். ஆறு பேர் பார்த்த வார்டு அது. இரண்டு பேர் வளைகுடா நாடுகளுக்குப் போனார்கள், ஒருத்தி வேலையே வேண்டாம் என்று தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள், இன்னொருத்தி ஒரு நாள் சாப்பாட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. மிஞ்சியது நானும் வார்டு இன்சார்ஜ் அக்காவும். காலை ஏழு முதல் இரண்டு வரை ஒரு டூட்டி, இரண்டு முதல் எட்டு வரை இன்னொன்று. எனக்கு இரண்டும் ஒன்றாகிப் பல வாரங்கள் ஆகியிருந்தன.

நான் பள்ளி நாளிலிருந்து டைரி எழுதுகிறவள். தேதி, கிழமை, மழை பெய்ததா, கழுகுமலை பஸ் எத்தனை நிமிடம் தாமதம், நூலகத்தில் எடுத்த புத்தகம், அதில் எத்தனையாம் பக்கத்தில் நிற்கிறேன் என்பதுவரை இருக்கும். எழுதினால்தான் ஒரு நாள் நடந்து முடிந்ததாக எனக்குத் தோன்றும். அந்த ஐப்பசியின் பக்கங்களை இப்போது புரட்டினால் ஒரே சொல்தான் இருக்கிறது. டூட்டி. அடுத்த பக்கம், டூட்டி. அச்சுக் குத்தியதுபோல் ஒரே இடம், ஒரே சாய்வு.

மழை வரவில்லை என்பதுகூட எழுதியிருக்கவில்லை. ஆனால் அது நினைவிருக்கிறது. வார்டின் மேற்கு ஜன்னல் வழியாகப் பார்த்தால் பைபாஸுக்கு அப்பால் கரிசல் காடு. மழையை நம்பிப் புழுதியிலேயே விதைத்துப் போட்டிருந்தார்கள். உளுந்தும் கம்பும் மண்ணுக்குள் கிடந்தன. மூன்று மணி வெயிலில் அந்தக் கறுப்புத் தரையிலிருந்து ஒரு புழுதிச் சுழல் எழும்பும். ஆள் உயரம் வந்து, கொஞ்ச தூரம் நடந்து, நின்று, அடங்கிவிடும். யாரோ வந்து பார்த்துவிட்டுத் திரும்பினதுபோல் இருக்கும்.

எட்டாம் கட்டிலில் ஒரு பெண் இருந்தார். விளாத்திகுளம் பக்கம் ஆடு மேய்க்கிற குடும்பம், ஐம்பது வயது இருக்கும். காய்ச்சல், நெஞ்சில் சளி. வந்த நாளிலிருந்து வாய் மூடியதில்லை. பெண்கள் வார்டு என்பதால் அவர் கணவர் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பார். அவரை உள்ளிருந்தே அதட்டுவார். என்னையும் விட்டுவைக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் நான் ட்ரிப் மாற்றும்போது கேட்டார்.

"காலையில ஊசி போட வந்தவ உங்க கூடப்பொறந்தவளா, சிஸ்டர்?"

"நான்தானே வந்தேன்."

"நீங்க இல்ல. அவ உங்கள மாதிரியே இருப்பா. பேச மாட்டா. செருப்ப இழுத்து இழுத்து நடப்பா. நம்மளத்தான் பாப்பா, ஆனா நாம அவ கண்ணுல விழ மாட்டோம்."

"அப்படி ஒருத்தி இருந்தா வேலைய அவகிட்ட விட்டுட்டு நான் வீட்டுல போய்த் தூங்க மாட்டேனா?"

"சிரிக்காதீங்க. நூறு ஆட்டுக்குள்ள எங்குட்டி எதுன்னு சொல்லுதவ நான். ஒண்ணுபோல ரெண்டு கெடந்தாலும் நடைய வச்சே பிரிச்சிருவேன். நீங்க ரெண்டு பேரு இருக்கீங்க."

பக்கத்து ஒன்பதாம் கட்டிலில் வயதான ஓர் அம்மாள் படுத்திருந்தார். சிறுநீரகம் போய், நினைவு தப்பிக் கிடந்தார். அவரை எட்டாம் கட்டில்காரர் துணைக்கு அழைத்தார். "இவியகிட்ட கேளுங்க, இவியளும் பாத்தாவ." அந்த அம்மாளின் கண் பாதி திறந்திருந்தது. நான் சிரித்துவிட்டு நகர்ந்தேன். ஆனால் காலையில் ஊசி போட்டதை நினைத்துப் பார்த்தேன். மருந்தைச் சிரிஞ்சில் ஏற்றியது நினைவிருந்தது. குத்தியது நினைவில் இல்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு ஒன்பதாம் கட்டில் அம்மாள் இறந்துபோனார். தாடையைத் துணியால் கட்டியதும் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியதும் நான்தான். ஓட்டப்பிடாரத்திலிருந்து மகன்கள் வந்து எடுத்துப் போனார்கள். மெத்தையைக் கழுவி மொட்டைமாடியில் காயப் போட்டோம். கட்டிலில் வெறும் இரும்புச் சட்டம் நின்றது. ரெக்கார்டு அறை கிளார்க் விடுப்பில் இருந்ததால் சார்ட் மட்டும் மேசையிலேயே தங்கிவிட்டது.

வியாழக்கிழமை மத்தியானம் இன்சார்ஜ் அக்கா கூப்பிட்டார்.

"ஏட்டி, இங்கன வா. இது யாரு எழுத்து?"

ஒன்பதாம் கட்டில் சார்ட். என் எழுத்துதான். இரண்டின் வாலை நான் சுழித்து எழுதுவேன்.

"செவ்வாக்கிழமை ரெண்டு மணி, ஆறு மணி. புதன்கிழமை பத்து, ரெண்டு, ஆறு. காய்ச்சல் எழுதல, நாடி எழுதல, பிரஷர் எழுதல. மூச்சு மட்டும் இருவது, இருவது, இருவது. அவிய செவ்வாக்கிழமை பதினோரு மணிக்கே போயாச்சுல்லா?"

தாளை என் பக்கம் இழுத்துப் பார்த்தேன்.

"செத்த பொறவும் மூச்ச நிறுத்த விட மாட்டேங்குத. உன் கைராசிய என்னன்னு சொல்ல?"

சிரிக்கத்தான் சொன்னார். சொல்லிவிட்டு அவராலேயே சிரிக்க முடியவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். ஜன்னல் வெயில் அந்த இரும்புச் சட்டத்தின்மேல் விழுந்து, கம்பி கம்பியாகத் தரையில் நிழல் கிடந்தது. இரண்டு நாளாக அது மூச்சு விட்டுக்கொண்டிருந்ததாக என் கைப்பட எழுதியிருக்கிறேன். எழுதியது நினைவில்லை. உட்கார்ந்ததுகூட நினைவில்லை.

"விடு, இந்தத் தாள மட்டும் கிழிச்சிருதேன்" என்றார் அக்கா.

அப்போதுதான் அந்தத் தாளின் கீழே இருந்த மற்ற சார்ட்டுகள் கண்ணில் பட்டன. எட்டாம் கட்டில் மேலாக இருந்தது. திங்கள் இருபது. செவ்வாய் இருபது. புதன் இருபது. இரும்புக்கு எழுதிய அதே இருபது, அதே வால். இரும்புக்கு எழுதியது பொய் என்றால் இது என்ன? அப்புறம் இன்னொன்றும் உறைத்தது. காலையிலிருந்து எட்டாம் கட்டிலிலிருந்து ஒரு பேச்சுச் சத்தமும் கேட்கவில்லை.

போய் மணிக்கட்டைப் பிடித்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போனது. அவர் கண்ணைத் திறந்தார்.

"இப்பத்தான்..." மூச்சு. "பேசுதவ..." மூச்சு. "வந்திருக்கா."

மூன்று வார்த்தையை அவரால் ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. நிமிடம் முடிந்தபோது முப்பத்தெட்டு. விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவி எங்களிடம் ஒன்றுதான். அது கீழே கேஷுவாலிட்டிக்குப் போயிருந்தது. ஓடிப்போய் வாங்கிவந்து மாட்டினேன். எண்பத்து மூன்று காட்டியது. நிமிர்த்தி உட்காரவைத்து ஆக்சிஜன் கொடுத்தேன். டாக்டர் வந்தார், நெஞ்சில் ஸ்டெத் வைத்துக் கேட்டார், திருநெல்வேலிக்கு அனுப்பச் சொன்னார். ஆம்புலன்ஸ் வர இருபது நிமிடம் ஆகும் என்றார்கள்.

நோயாளியோடு சார்ட்டின் நகலும் போக வேண்டும். அங்கே இருக்கிற டாக்டர் அதை வைத்துத்தான் முடிவெடுப்பார். மூன்று நாள் இருபது, இன்று திடீரென்று முப்பத்தெட்டு என்று பார்த்தால், இப்போதுதான் ஏதோ புதிதாக நடந்திருக்கிறது என்று தேடப்போவார். இரத்தம் கட்டி அடைத்ததா, வேறென்ன என்று. நாள்கணக்கில் ஏறிக்கொண்டே வந்ததை யாரும் பார்க்கவில்லை என்பது அவருக்குத் தெரிய வழியில்லை.

சார்ட்டில் தப்பாக எழுதிவிட்டால் கிழிக்கக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது. ஒரே ஒரு கோடு. அடியில் இருப்பது வாசிக்கக் கூடியதாக இருக்க வேண்டும். பக்கத்தில் காரணமும் கையெழுத்தும். இதையும் முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுத்தார்கள். பேனாவை எடுத்தேன்.

"என்ன செய்யுத?" என்றார் அக்கா.

"மூணு நாள் இருபதையும் அடிக்கேன். எண்ணலன்னு எழுதுதேன்."

"உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? கையெழுத்து உன்னுது. மெமோ வரும். வீட்டுக்கு அனுப்பிருவாவ. ஊரு பூரா இருவதுதான் எழுதுதாவ. நீ மட்டும் என்ன?"

"ஒன்பதாம் நம்பர் தாளக் கிழிக்கலாம்க்கா. அவியளுக்கு இனி ஒண்ணும் ஆகப்போறதில்ல. இவுங்க அங்க போய்ப் படுக்கணும்லா."

ஒவ்வொரு இருபதின் மேலும் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தேன். பக்கத்தில் 'எண்ணப்படவில்லை' என்று எழுதினேன். மொத்தம் ஒன்பது இடங்கள். அக்கா பார்த்துக்கொண்டே நின்றார். புதன்கிழமை காலையில் மட்டும் இரண்டு நேராக இருந்தது. வால் இல்லாதது. என் பேனா அதன்மேல் வந்தபோது அக்கா என் கையிலிருந்து பேனாவை வாங்கினார். தானே கோடு போட்டு, கையெழுத்துப் போட்டு, என் முகத்தைப் பார்க்காமல் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். ஒன்பதாம் கட்டில் தாளையும் கிழிக்கவில்லை.

எட்டாம் கட்டில்காரரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகும்போது அவர் கணவர் பக்கத்திலேயே ஓடினார். கையில் ஒரு துணிப்பை. "பிழைச்சுருவாளா சிஸ்டர்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். அந்த வாரத்தில் நான் சொன்ன உண்மையான பதில் அதுதான் என்று நினைக்கிறேன்.

மெமோ இருவருக்கும் வந்தது. என்னைக் கீழே ஊசி அறைக்கு மாற்றினார்கள். வார்டில் ஏன் ஆளில்லை என்று அதில் ஒரு வரியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தது. வாரக்கணக்கில் ஒழுங்காக எழுதாத டைரியைப் பகல் வெளிச்சத்தில் எடுத்துவைத்து, விட்டுப்போனதை எல்லாம் நிரப்பலாம் என்று உட்கார்ந்தேன். டூட்டி, டூட்டி என்று போய்க்கொண்டே இருந்தது. செவ்வாய்க்கிழமை பக்கத்தின் கீழ் மூலையில் பொடியாக ஒரு எண் தெரிந்தது. முந்தின பக்கத்துக்குப் போனேன். அங்கேயும். அதற்கு முந்தினதிலும். பதினொரு பக்கங்கள். சுழித்த வாலோடு, இருபது.

யாருக்கு எழுதினேன் என்று பக்கத்தில் கட்டில் எண் எதுவும் இல்லை. என் வீட்டில் நான் ஒருத்திதான்.

அந்த இருபதுகளை இன்றுவரை அடிக்கவில்லை. எண்ணப்படவில்லை என்று எழுதலாம். எழுதக் கை போகவில்லை.

கார்த்திகையில், மழை இரண்டு முறை பெய்து கரிசல் பச்சை கட்டியிருந்த சமயம், ஊசி அறைக் கதவில் வந்து நின்றார் எட்டாம் கட்டில்காரர். இளைத்திருந்தார். கணவர் பின்னால். திருநெல்வேலியில் பதினெட்டு நாள் இருந்தாராம். சளி முற்றி நாளாகியிருக்கிறது என்று அங்கே பார்த்தவுடன் சொல்லிவிட்டார்களாம். மறுபரிசோதனைக்கு வந்தவர், என்னைத் தேடி வந்திருக்கிறார். உட்காரவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க எது?" என்றார்.

"உங்களுக்கு எது தெரியுது?"

"இன்னும் நாலு வார்த்த பேசுங்க, சொல்லுதேன்."

சிரித்தேன். ஸ்டூலில் உட்காரவைத்து மணிக்கட்டைப் பிடித்தேன். அவரும் என் கடிகாரத்தையே பார்த்தார்.

"நாடியா பாக்குதீங்க? மூச்சத்தானே எண்ணுதீங்க? அன்னைக்கே எனக்குத் தெரியும். எண்ணுங்க, எண்ணுங்க. நான் மாத்தி விட மாட்டேன்."

முழுதாக ஒரு நிமிடம் எண்ணினேன். பதினெட்டு. சீட்டில் எழுதினேன். எழுதும்போது மாடிப்படியில் யாரோ ஏறுகிற சத்தம் கேட்டது. எனக்குப் பதிலாக வார்டில் போட்டிருந்த பிள்ளை அது. படித்து முடித்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. காலை டூட்டி முடிந்திருக்க வேண்டிய நேரம். செருப்பை இழுத்து இழுத்து ஏறினாள்.

எட்டாம் கட்டில்காரர் தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்டார். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"அவதான்" என்றார். "அந்தப் பேசாதவ. இன்னும் இங்கனதான் இருக்காளா?"

சீட்டை அவர் கணவரிடம் கொடுத்துவிட்டு எழுந்தேன். ஊசிக்கு வெளியே நாலு பேர் நின்றார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபடி மாடிக்குப் போனேன்.