பெயர்ப்பலகை நட்ட தோட்டம்

பாலிகஞ்சில் நான் பில் போடும் மருந்துக் கடையின் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சான்றிதழ் தொங்குகிறது. கடையின் பார்மசிஸ்ட் யார் என்று அதில் போட்டிருக்கும். கூட்டமில்லாத மத்தியானங்களில் அந்தப் பெயரை அழித்துவிட்டு என் பெயரை எழுதிப் பார்ப்பேன், மனசுக்குள்தான். யாராவது இரண்டு தடவை கூப்பிட்ட பிறகே திரும்புவேன். எனக்குப் பகல்கனவு அரிசி வேகும் நேரத்தில்கூட வரும். எங்கள் வீட்டில் சோறு குழைவதற்கு அதுதான் காரணம்.

பிளஸ் டூவில் சயின்ஸ் படித்தவள் நான். அப்புறம் கல்யாணம், பெஹாலாவில் ஃபிளாட், பிள்ளைகள். நாற்பது வயதிலும் பார்மசி டிப்ளமோ சேரலாம் என்று தெரிந்த நாளிலிருந்து நிலைகொள்ளவில்லை. நல்ல பெயரெடுத்த கல்லூரிகளெல்லாம் தொலைவு. வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போகக்கூடியது ஒன்றுதான் இருந்தது, அதுவும் புதிது. வகுப்பு தொடங்க அனுமதி கிடைத்துவிட்டது, முழு அங்கீகாரம் இன்னும் வரவில்லை. அது வராமலே போனால் படித்ததெல்லாம் வீண். பார்மசிஸ்டாகப் பதிவு செய்ய முடியாது, மறுபடியும் பில் மிஷின்தான்.

"சின்னப் பசங்க ஏமாந்தா இன்னொரு தடவை ஆரம்பிக்கலாம். உனக்கு இன்னொரு ரெண்டு வருஷம் எங்கேருந்து வரும்?" என்றார் என் கணவர்.

அவர் சொன்னது சரி என்பதால்தான் எனக்குக் கோபம் வந்தது. பார்த்துவிட்டாவது வருகிறேன் என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

துர்கா பூஜை நெருங்கிக்கொண்டிருந்தது. மழை விட்டிருந்தது. குளக்கரை நெடுக, காஷ் என்கிற நாணல் பூ வெள்ளை வெளேரென்று அசைந்துகொண்டிருந்தது. கல்லூரிக் கட்டிடம் கரையில் நேராகவும் தண்ணீருக்குள் தலைகீழாகவும் நின்றது. இதில் எதில் சேரப்போகிறோம் என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

என்னைவிட வயதில் சின்னவளான ஓர் ஆசிரியை, "ஆஷுன் தீதி", வாங்க அக்கா, என்று வரவேற்று வங்காள மொழியிலேயே பேசியபடி சுற்றிக் காட்டினாள். ஆய்வகக் குழாய்களில் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. அலமாரிகளில் காலி சீசாக்கள். "இங்கேதான் மாத்திரை அழுத்துற மிஷின் வரப்போகுது" என்று வெறும் தரையைக் காட்டினாள். நான் அந்த இடத்தில் கால் வைக்காமல் சுற்றிக்கொண்டு நடந்தேன். திரும்பிப் பார்த்தால், அவளும் சுற்றிக்கொண்டுதான் வந்தாள்.

பின்பக்கம் மூலிகைத் தோட்டம். செடிகள் வந்துசேரவில்லை, பெயர்ப்பலகைகள் மட்டும் ஈர மண்ணில் வரிசையாக நின்றன. துளசி, ஆடாதொடை, நித்தியகல்யாணி. நித்தியகல்யாணிப் பலகைக்குக் கீழே குனிந்து பார்த்தேன். மண்தான் இருந்தது. ஆனாலும் அந்த ரோஜா நிறப் பூவை நான் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன்.

"அங்கீகாரம் வருமா?" என்று கேட்டுவிட்டேன்.

கட்டாயம் வரும் என்று அவள் சொல்லியிருந்தால் நம்பாமல் அடுத்த பஸ்ஸைப் பிடித்திருப்பேன்.

"உறுதியாச் சொல்ல முடியாது தீதி. நீங்க சேரப்போற முதல் பேட்ச் கடைசிப் பரீட்சை எழுதுறப்பதான் மேலிடத்துலேருந்து வந்து பார்ப்பாங்க, அதுக்கப்புறம்தான் முடிவு சொல்வாங்க. நீங்க அங்கீகாரத்துக்குக் காத்திருக்கீங்க. நாங்க உங்களுக்குக் காத்திருக்கோம்."

ஆபீஸிலிருந்து வருகிறவருக்கு, பள்ளிக்கூட வேனுக்கு, குக்கர் விசிலுக்கு என்று காத்திருந்தே பழகியவள் நான். எனக்காக ஒரு கட்டிடம் காத்திருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை. ஆள் பிடிக்கிற பேச்சாகவும் இருக்கலாம் என்று உடனே ஒரு சந்தேகம் வந்தது. பயமாகத்தான் இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கணவர் போன் செய்தார்.

"என்ன, அப்ரூவல் வந்துடுச்சாமா?"

"இல்லீங்க. நான் பரீட்சை எழுதினாத்தான் வருமாம்."

 

"அப்போ ஒழுங்காப் படி" என்றார்.