வரப்பில் கிடந்த பூச்சி

இன்று காலை எங்கள் இயற்கைக் குழுவோடு ஆத்தூர் அணைப் பக்கம் பட்டாம்பூச்சி பார்க்கப் போயிருந்தேன்.

கனகாம்பரம் பறித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர், "அங்கிட்டுப் போகாதீக. வரப்புக் கல்லுக்குள்ள பூச்சி கெடக்கு" என்றார்.

பூச்சி என்று கேட்டால் எங்களுக்குக் கால் நிற்காது. நான்தான் முதலில் ஓடினேன். குப்புறப் படுத்து, கல் இடுக்குக்குள் போனை நீட்டினேன்.

"பெரிய பூச்சியாக்கா?"

"பெருசுதான். சீறுது, கேக்கலையா?"

எந்தப் பூச்சி சீறும் என்று யோசித்த நொடியில், நான் படமெடுக்கும் முன் அது படமெடுத்துவிட்டது. என் கைக்கும் அதற்கும் ஒரு முழம்கூட இல்லை. முழங்கையை ஊன்றிப் பின்னால் ஊர்ந்தே வந்தேன்.

"பேரச் சொன்னா வந்துரும்னுதான பூச்சிங்கிறோம். இம்புட்டுப் படிச்சும் தெரியலயே அப்பு" என்றார் அக்கா.

இப்போது நாகல் நகர் வீட்டுக்கு வந்துவிட்டேன். குளியலறையில் பூச்சி என்று மனைவி கூப்பிடுகிறாள். நான் கட்டில்மேல் ஏறி உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் ஊரில் அதை என்ன சொல்லிக் கூப்பிடுவீர்கள்? கமெண்டில் சொல்லுங்கள். நிஜப் பேரை மட்டும் எழுதிவிடாதீர்கள்.