எலிக்காரர் வீட்டுப் பரண்

என் அக்கா புருஷன் எலி பிடிக்கிறவர். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது, அக்காவுக்குத்தான் உண்டு. யாராவது கேட்டால், "பூச்சி ஒழிப்பு கம்பெனியில சூப்பர்வைசர்" என்பாள். கம்பெனி என்றால் மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை, ஒரு பழைய வேன், மருந்து டப்பாக்கள், முதலாளி, அப்புறம் அத்தான். சூப்பர்வைஸ் பண்ண அங்கே அவரைத் தவிர வேறு ஆள் இல்லை. தெருவில் அவரை எல்லோரும் எலிக்காரர் என்றுதான் சொல்வார்கள்.

ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் மனுஷர் மனிதர்களைப் பார்க்க மாட்டார். சுவரும் தரையும் சேருகிற மூலையைப் பார்ப்பார். எலி சுவரை ஒட்டியே ஓடுமாம், ஓடுகிற வழியில் அழுக்குக் கோடு விழுமாம். என் கல்யாணத்தன்று மண்டபத்துச் சமையலறைப் பக்கம் போனவர், பசியில்லை என்று சாப்பிடாமலே கிளம்பிவிட்டார். ஏன் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

தொழில் பேச்சுக்கு அவர் தேர்ந்தெடுக்கிற நேரம் சாப்பாட்டு நேரம். நாங்கள் சோற்றில் கை வைத்ததும் ஆரம்பிப்பார். "கரப்பான் உயிரோட இருந்தா பரவால்ல. செத்துக் காஞ்சு பொடியாகி காத்துல கலக்கும் பாரு, அதை மூச்சுல இழுத்தா சில பேருக்கு இழுப்பே வந்துரும்." தலையணைக்குள் கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்கிறதாம், நம் உடம்பில் உதிர்கிற தோலைத் தின்றுவிட்டு நம்மோடேயே படுத்திருக்குமாம், அதன் எச்சத்தால்தான் காலையில் அடுக்குத் தும்மலாம். எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் புண்ணுள்ள காலை வைத்தால் என்ன காய்ச்சல் வரும் என்பதற்குள் நான் தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிடுவேன். "ஆளை விடுங்க அத்தான்" என்றால், "நல்லதுக்குச் சொன்னா யாரு கேக்குறா" என்று என் பங்கையும் சேர்த்துச் சாப்பிடுவார்.

அக்காவுக்கு அவர் தொழிலில் பிடித்தது ஒன்றே ஒன்று. தன் வீட்டில் எலி கிடையாது என்பது. "எங்க வீட்டுக்காரர் செருப்புச் சத்தம் கேட்டாலே எலி அடுத்த தெருவுக்கு ஓடிடும்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வாள். அத்தானும் பக்கத்தில் நின்று தலையாட்டுவார். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஆட்டிக்கொண்டிருக்கிறார்.

எலி இருந்தது. அக்கா பையனின் அறைப் பரணில், பழைய மெத்தைக்குள் குடும்பம் நடத்தியது. இது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். நீங்கள் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் என் கோபம் உங்களுக்குப் புரியாது.

பையனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அறைக்கு வெள்ளையடித்தார்கள். புதுப் பெண் வருவதற்குள் பரணைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று அத்தானுக்கு நெஞ்சுக்குள் நமைச்சல். பொறி வைத்தால் அக்கா கண்ணில் படும், சத்தம் காதில் விழும். ஆகவே, எந்த வாடிக்கையாளர் வீட்டிலும் செய்யாததைச் சொந்த வீட்டில் செய்தார். கமுக்கமாக விஷக் கட்டிகளைப் பரணில் போட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டார். எலிகள் மெத்தைக்குள்ளேயே செத்தன. நாற்றம் வந்தபோது, "பெயிண்ட் வாடை, போயிடும்" என்று மூலைக்கு மூலை அந்துருண்டை வைத்தார்.

நாற்றம் போனது. ஆனால் எலி மேல் ஊசிமுனை அளவு உண்ணி இருக்கும், அது எலியின் ரத்தத்தைக் குடித்துப் பிழைப்பது. எலி செத்தால் அது பட்டினி கிடக்காது. சுவர் வழியே இறங்கி, கீழே யார் படுத்திருக்கிறார்களோ அவர்களைக் கடிக்கும். கீழே புது மாப்பிள்ளையும் பெண்ணும் படுத்திருந்தார்கள்.

இருவரையும்தான் கடித்தது. பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. சில உடம்பு அப்படி, கண்டுகொள்ளாது. மருமகளுக்கோ கழுத்து, இடுப்பு, கை என்று ஒவ்வாமையில் சிவந்து தடித்துவிட்டது. அவள் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். வருகிறவர்கள் மூக்கில் கண்ணாடியை மாட்டிப் பார்க்கிற வேலை. முழுக்கை சட்டை போட்டு மறைத்துக்கொண்டு போய்வந்தாள்.

அக்கா அவளுக்குத் தனி சோப்பு வைத்தாள். பிறகு தனித் துண்டு. பிறகு தனித் தட்டு. "தப்பா எடுத்துக்காதம்மா, சுத்தம்தானே" என்றாள். பையன் வாயைத் திறக்கவில்லை. அவன் அப்பா மாதிரி.

அக்காவும் அத்தானும் அவளைத் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனபோது நானும் உடன் இருந்தேன். டாக்டர் தடிப்பைப் பார்த்துவிட்டு, "சிரங்கா இருக்கலாம். பூச்சிக்கடியாவும் இருக்கலாம். வீட்டுல எலி இருக்கா? எலி செத்த இடத்துலேருந்து உண்ணி இறங்கிக் கடிச்சாலும் இப்படித்தான் வரும்" என்றார்.

அக்கா சிரித்தேவிட்டாள். "யார் வீட்டுல கேக்குறீங்க டாக்டர்! எங்க வீட்டுக்காரருக்குத் தொழிலே எலி பிடிக்கிறதுதான்." சூப்பர்வைசர் பதவி அன்றைக்கு ஒருநாள் விடுமுறை எடுத்துக்கொண்டது.

டாக்டர் அத்தானைப் பார்த்தார். அத்தான் தரையும் சுவரும் சேருகிற மூலையைப் பார்த்தார்.

"எங்க வீட்டுலயா? சேச்சே" என்றார்.

அந்தச் சேச்சேயை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தொழில் தெரிந்தவரே சொன்ன பிறகு டாக்டர் என்ன செய்வார்? சிரங்குக் களிம்பு எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்த அத்தான், "அந்த ரூமுக்கு ஒருதடவை கொசு மருந்து அடிச்சுடறேன்" என்றார். "புதுச் சுவரு, கறை பிடிக்கும். கையை வச்சுக்கிட்டு சும்மா இருங்க" என்றாள் அக்கா. அவர் சும்மா இருந்தார். அதில் அவருக்கு நல்ல பழக்கம்.

பிறகு ஒருநாள் அக்கா அந்த அறைப் படுக்கையைத் தட்டி மடித்தாள். சாயங்காலத்துக்குள் அவள் கையிலும் தடிப்பு. "ஐயையோ, தொத்திக்கிச்சு!" என்று போனை எடுத்தாள். சம்பந்தியம்மாவிடம், "தொத்து வியாதியை மறைச்சு எங்க தலையில கட்டிட்டீங்க. வந்து கூட்டிட்டுப் போங்க" என்று நடுக்கூடத்தில் நின்று கத்தினாள். மருமகள் அங்கேயே நின்றாள். எனக்கு அக்காவை அறைய வேண்டும் போல் இருந்தது. வயதில் பெரியவளாகப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் சம்பந்தியம்மா வந்தார். தையல் கடை வைத்திருக்கிறவர், அதிகம் பேச மாட்டார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. வாசலில் ஆட்டோ நின்றது. மருமகள், "பெட்டி பரண்ல இருக்கு" என்றாள்.

எல்லோரும் அந்த அறைக்குள் போனோம், பையன் ஸ்டூலை இழுத்துப் போட்டான். அத்தான் குறுக்கே வந்து, "நீ ஏறாதே, நான் எடுக்கறேன்" என்றார்.

"இப்பதான் மருமக மேல பாசம் பொத்துக்கிட்டு வருதாக்கும்" என்றாள் அக்கா.

அத்தான் ஏறினார். தலையும் தோளும் பரணுக்குள் போயின. பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததை நான் கீழேயிருந்தே பார்த்தேன். எடுத்துக் கொடுத்திருந்தால் கதை முடிந்திருக்கும், ஆட்டோ போயிருக்கும், அக்காவும் தன் எலி இல்லாத வீட்டில் நிம்மதியாக இருந்திருப்பாள். அவர் வெகுநேரம் அப்படியே நின்றார். பிறகு வெறும் கையோடு இறங்கினார்.

"நீ போக வேண்டாம்மா. உனக்கு ஒரு வியாதியும் இல்ல. மேல எலி செத்துக் கிடக்கு. நான்தான் மருந்து வச்சேன். அந்த உண்ணிதான் கடிக்குது" என்றார்.

அக்கா, "நம்ம வீட்டுலயா?" என்று கேட்டாள். அப்படியே கட்டிலில் உட்கார்ந்தாள், கடிக்குமே என்ற நினைப்புகூட இல்லாமல்.

மருமகள் அத்தானையே பார்த்தாள். "உங்களுக்கு எப்ப தெரியும் மாமா?"

பூசி மெழுக அவருக்கு நன்றாக வரும். எத்தனை வருஷப் பழக்கம். அன்றைக்கு அதைச் செய்யவில்லை.

"டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடியே தெரியும்."

"தட்டு?"

"அதுவும் பார்த்துட்டுதாம்மா இருந்தேன்."

அத்தான் கண்ணில் தண்ணீர் வந்து நான் பார்த்தது அன்றுதான். சம்பந்தியம்மா மகளின் கையைப் பிடித்துத் தடிப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மருமகள் குரலை உயர்த்தவே இல்லை. "பெட்டியை எடுத்துக் குடுங்க மாமா" என்றாள்.

எடுத்துக் கொடுத்தார். அப்படியே கொடுக்கவில்லை. கொல்லைக்குக் கொண்டுபோய், மருந்து தெளித்து, சோப்புத் தண்ணீரால் உள்ளும் புறமும் துடைத்து, தையல் இடுக்குகளைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, வெயிலில் காயவைத்தார். வாடிக்கையாளர் வீட்டில் எப்படிச் செய்வாரோ அப்படி. காயும்வரை ஆட்டோக்காரர் உட்பட எல்லோரும் காத்திருந்தோம்.

மருமகள் தன் துணிகளை உதறி உதறி அடுக்கினாள். மூடப் போகிற நேரத்தில் பையன் வந்து, தன் சட்டைகளையும் ஒவ்வொன்றாக உதறி, அவள் துணிகளுக்கு மேலே வைத்தான்.